கைப்பம்பி தண்ணி எடுக்கேல்லையா? பைப்பைக் கழட்ட முதல் இதுகளைப் பாருங்கோ

போன கோடையில பக்கத்து ஊர்ப் பொடியள் ஆறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலுக்க நிண்டு தங்கட குழாய்க்கிணத்தின்ர 11 பைப்பையும் மேல இழுத்து, வோசரெல்லாம் புதுசா மாத்தி, திருப்பி இறக்கிப் பூட்டினவங்கள். அடுத்த நாள் மத்தியானம் திரும்பவும் தண்ணி நிண்டுபோச்சு. பிறகு அந்தக் கிணத்தடியில நெடுக நிக்கிற ஒரு அம்மா சொன்னா, காலமை வடிவா வரும் தம்பி, ஒரு பத்து வாளி எடுத்த பிறகுதான் காத்து வரும், ரெண்டு மணித்தியாலம் விட்டா பேந்தும் வரும் எண்டு. அப்ப பம்பியில ஒரு பிழையும் இல்லை, கிணத்தில தண்ணி கீழ இறங்கிப்போச்சு. அவவை முதலே ஒருத்தர் கேட்டிருந்தா அந்தப் பிள்ளையளுக்கு ஒரு நாள் மிச்சம், வோசர் காசும் மிச்சம்.

அதைக் கேட்ட நாளில இருந்து இதை எழுதோணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். எங்கட ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில ஒட்டுசுட்டானுக்கு உள்பக்கம், பொதுக் குழாய்க்கிணறு நாலு, முன்பள்ளிக்குப் பக்கத்தில ஒரு பெரிய கட்டுக்கிணறு மோட்டரோட. மாதர் சங்கத்தில இருந்து இதுகளைப் பாக்கிற வேலையை நான் எடுத்து 12 வருசமாகுது. நான் படிச்சதெல்லாம் பைப் இழுத்துப் படிச்சதுதான், ஆனா இவ்வளவு காலத்தில ஒண்டு நல்லா விளங்கியிருக்கு: பம்பி திடீரெண்டு சாகிறேல்லை. கிழமைக் கணக்கில, மாதக் கணக்கில சொல்லிச் சொல்லித்தான் நிக்கும். அந்தச் சொல்லு முதல்ல விளங்கிறது தினமும் குடத்தோட போற பொம்பிளையளுக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணி அள்ளுற பிள்ளையளுக்கும். அதால ஸ்பானரை எடுக்க முதல் அவையிட்ட நாலு கேள்வி கேளுங்கோ. எப்ப இருந்து இப்பிடி? காலமை மட்டுமா, நாள் முழுக்கவா? கைபிடி லேசாப் போகுதா, பாரமாப் போகுதா? தண்ணியின்ர நிறம் மணம் ஏதும் மாறினதா? பாதிப் பிழை அதிலயே பிடிபட்டிடும்.

நான் சொல்லுறது பெரும்பாலும் இந்தியா மார்க் 2 கைப்பம்பிக்கு, மூண்டு கால் வைச்ச, நீட்டுக் கைபிடி உள்ளது. அதின்ர சிலிண்டர் கீழ தண்ணிக்குள்ள தாண்டு நிக்கும், அதுக்குள்ள வோசர் போட்ட பிஸ்டன் ஏறி இறங்கும், அடியில ஒரு வால்வ் தண்ணியைத் திரும்பிப் போகவிடாமல் பிடிச்சுக்கொண்டிருக்கும். கைபிடிக்கும் பிஸ்டனுக்கும் இடையில மேல ஒரு செயின், அதுக்குக் கீழ 3 மீட்டர் நீளக் கம்பியள் ஒண்டோடொண்டு பூட்டினபடி. இவ்வளவும்தான் பம்பி. சிலிண்டர் தண்ணிக்குள்ள நிக்கிறபடியா மேலால தண்ணி ஊத்தி எழுப்புற வேலை இதுக்கு இல்லை. பம்பியின்ர வாய்க்குள்ள தண்ணி ஊத்தி அடிக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன், அதால ஊத்தைத் தண்ணிதான் உள்ள போகும், வேற ஒண்டும் நடக்காது.

காலமையில கனக்க அடிச்சாத்தான் தண்ணி வருது

இது தான் முதல் எச்சரிக்கை, இதைத்தான் சனம் கூட அலட்சியம் பண்ணுறது, ஏனெண்டா கடைசியில தண்ணி வந்திடுதுதானே. இதுக்கு ஒரு சோதினை இருக்கு. தண்ணி நல்லா வரும் வரைக்கும் அடிச்சிட்டு அரை மணித்தியாலம் ஒருத்தரையும் தொடவிடாதேங்கோ. பிறகு அடிச்சு எண்ணுங்கோ. அஞ்சு அடிக்குள்ள தண்ணி வந்தா சுகம். அதுக்கு மேல போனா பைப்புக்குள்ள நிண்ட தண்ணி கீழ வடிஞ்சு போகுது எண்டு அர்த்தம்.

எங்கால வடியுது? ரெண்டு இடம். ஒண்டு அடி வால்வின்ர ரப்பர் தேஞ்சது அல்லது அதுக்க மணல் இருக்கிறது, மற்றது பைப்பில ஓட்டை, இல்லாட்டி ஒரு பொருத்து இளகினது. இதைப் பைப் இழுக்கேக்கையே கண்டுபிடிக்கலாம், அவசரப்படாமல் பாத்தா. இழுக்கிற பைப்பெல்லாம் வெறுமையா வந்துகொண்டிருந்து, இடையில ஒரு பைப்பில இருந்து தண்ணி நிக்கத் தொடங்கினா, ஓட்டை அந்த மட்டத்திலதான், அந்தப் பைப்பையும் பொருத்தையும் வடிவாப் பாருங்கோ. கடைசி மட்டும் வெறுமையா வந்தா அடி வால்வ். நாங்கள் ஒவ்வொரு பைப்புக்கும் சோக்கால நம்பர் போட்டுப் போட்டுத்தான் அடுக்கிறது, அந்த நம்பரைக் கொப்பியிலயும் எழுதிறது, அடுத்த முறை அதே நம்பர் பைப் ஒழுகினா பேசாமல் மாத்திப்போடுறது.

பைப் இழுக்கிறது விளையாட்டில்லை. 32 மில்லிமீட்டர் இரும்புப் பைப் 3 மீட்டர், அதுக்குள்ள கம்பி, அதுக்குள்ள நிக்கிற தண்ணி எல்லாம் சேத்தா ஒண்டு 15 கிலோ கிட்ட வரும், பத்துப் பைப் எண்டா 150 கிலோ. பைப்பை இறுக்கிப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் வழுக்கினா முழுக்கக் கீழ போகும், பிறகு அதைக் கொழுவி எடுக்கிறது பெரிய பாடு, எடுக்கேலாமல் கைவிட்ட கிணறும் இருக்கு. ஆறு பேராவது வேணும், ஒருத்தர் கிளாம்பை விட்டு அங்கால இங்கால அசையக் கூடாது, பைப்புக்குக் கீழ விரல் வைக்கக் கூடாது. சாராயம் குடிச்ச ஆளை அண்டைக்கு அந்தப் பக்கம் விடாதேங்கோ, கோவிச்சாலும் பரவாயில்லை.

தண்ணி வருது, ஆனா குறைவு

வாளி ஒண்டும் மணிக்கூடும் எடுங்கோ. ஒரு நிமிசத்தில 40 அடி, முழு அடியா, கைபிடி மேலயும் கீழயும் முட்டும் வரைக்கும். நல்ல பம்பி எண்டா 12 லீற்றருக்கு மேல வரும், புது வோசரோட 15 கிட்டப் போகும். 10 லீற்றருக்குக் கீழ வந்தா பிஸ்டனில இருக்கிற கப் வோசர் தேஞ்சு போச்சு, மாத்தோணும். முந்தித் தோல் வோசர் இருந்தது, இப்ப ரப்பர்தான் வருகுது. பாக்க ஒண்டு போல இருந்தாலும் சைஸ் கொஞ்சம் பிழைச்சாச் சிலிண்டருக்க இறுகும் இல்லாட்டி லூசா நிக்கும், அதால கடைக்குப் போகேக்க பழைய வோசரைக் கையில கொண்டு போங்கோ. சிலிண்டருக்க இருக்கிற பித்தளைச் சுவரை விரலால தடவிப் பாருங்கோ, கோடு கோடாக் கீறியிருந்தா மணல் வந்திருக்கு, வோசர் மாத்தினாலும் கெதியாத் தேயும்.

ஆனா வோசருக்குப் போக முதல், நான் மேல சொன்ன அந்த அம்மாவின்ர கதை. வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் வன்னியில மழை இல்லாத காலம். வவுனியாப் பக்கமும் முல்லைத்தீவின்ர உள்பக்கமும் கரும்பாறை, தண்ணி பாறையின்ர வெடிப்புக்குள்ளதான் நிக்குது, பெரிய குடம் மாதிரி இல்லை. குளம் வத்தினா ரெண்டு மூண்டு கிழமையில கிட்ட இருக்கிற கிணறும் இறங்கிறதை நாங்கள் கண்ணால காணுறம், குளத்துக்குக் கீழ இருக்கிற வளவுகளில அது இன்னும் தெளிவாத் தெரியும். வோசர் தேஞ்சா காலமையும் குறைவு, மத்தியானமும் குறைவு. கிணறு இறங்கினா முதல்ல நல்லா வந்து, பிறகு காத்தோட துப்பித் துப்பி நிண்டு, ஆறவிட்டாத் திரும்ப வரும். இந்த ரெண்டையும் மாறாட்டம் பண்ணாதேங்கோ. கிணறு இறங்கினதெண்டா, ஆழம் மிச்சம் இருந்தா ஒரு பைப்பும் ஒரு கம்பியும் கூட்டி இறக்கலாம். சேத்துக்க போய் இருக்கக் கூடாது, அதால பைப் வெளியில இருக்கேக்க நூலில ஒரு பாரம் கட்டி இறக்கி அடியையும் தண்ணி மட்டத்தையும் அளந்து எழுதி வையுங்கோ. ஆழம் இல்லாட்டி செய்யிறதுக்கு ஒண்டுதான், முறை வைச்சு அள்ளுறது. எங்கட ஊரில காலமை குடிக்கிற தண்ணிக்கு மட்டும், பின்னேரம் மற்றதுக்கு. முதல் கிழமை சண்டை வந்தது, பிறகு சரிவந்திட்டுது.

கைபிடி லேசாப் போகுது, ஒரு சொட்டும் இல்லை

பம்பித் தலையின்ர முன்மூடி போல்ட்டை 19 சாவியால (ஸ்பானர்) கழட்டித் திறவுங்கோ. முதல்ல கண்ணால பாருங்கோ. செயின் அறுந்திருக்கா, செயின் பூட்டின போல்ட் விழுந்திருக்கா? இருந்தா அது அங்கேயே முடியிற வேலை. ரெண்டும் சரியெண்டா, செயினுக்குக் கீழ இருக்கிற கம்பியை மெதுவா மேல தூக்கிப் பாருங்கோ. சும்மா இலகுவா வந்தா கம்பி மேலயே கழண்டிட்டுது அல்லது உடைஞ்சிட்டுது. பாரமா வந்தும் தண்ணி இல்லையெண்டா உடைவு கீழ, அல்லது வோசர் கிழிஞ்சு போச்சு. கம்பி உடையிறது பெரும்பாலும் பூட்டுறதுக்கு நூல் (புரி) வெட்டின இடத்தில, துருப்பிடிச்சு. ஒரு கம்பி அப்பிடி உடைஞ்சா மற்றதுகளின்ர நூலையும் பாக்காமல் இறக்காதேங்கோ, ரெண்டு மாதத்தில திரும்ப இழுக்க வரும்.

சத்தம், ஆட்டம், பாரம்

கிறீச் கிறீச் எண்டா செயின் காஞ்சிருக்கு, கிறீஸ் பூசுங்கோ, மாதம் ஒருக்கா. கைபிடி இடம் வலமா ஆடினா அச்சின்ர நட் இளகினது, அதை இறுக்கியும் ஆடினா பெயாரிங் போச்சு, ரெண்டு பெயாரிங்கையும் ஒண்டாவே மாத்துங்கோ. பெயாரிங்குக்குக் கிறீஸ் வைக்கத் தேவையில்லை, அது மூடி வாறது. தலைக்கும் தண்ணிப் பெட்டிக்கும் காலுக்கும் இடையில இருக்கிற போல்ட்டுகள் மாதத்தில ஒருக்கா இறுக்கோணும், இதுக்குப் பத்து நிமிசம் போகாது. புது வோசர் போட்ட முதல் கிழமை கைபிடி பாரமா இருக்கும், அது பிழையில்லை. அதுக்குப் பிறகும் பாரமெண்டா கம்பி வளைஞ்சு பைப்போட உரசுது, அல்லது சிலிண்டருக்க மணல்.

பம்பி முழுக்க அசையுதெண்டா சிமெந்துத் தளம் வெடிச்சிருக்கு. இதை ஒரு சின்னப் பிழையா எடுக்காதேங்கோ. அந்த வெடிப்பால மாடு மிதிச்ச தண்ணி, உடுப்புத் தோய்ச்ச தண்ணி எல்லாம் திரும்பக் கிணத்துக்கதான் போகும். வெடிப்பை வெட்டித் துப்புரவாக்கி நல்ல சிமெந்துக் கலவை போட்டு, ஒரு கிழமைக்குக் கோணியைப் போட்டு நனைச்சு, அந்தக் கிழமை ஒருத்தரும் அடிக்கக் கூடாது. கழிவுத் தண்ணி வாய்க்காலால வழிஞ்சு தூரப் போய் வாழைக்குப் பாயோணும், கிணத்தடியில குட்டையா நிக்கக் கூடாது. மாட்டுக்குத் தொட்டி வேணுமெண்டா தள்ளிக் கட்டுங்கோ.

தண்ணி சிவப்பு

காலமை முதல் வாற தண்ணி மட்டும் சிவப்பு, ஒரு அம்பது அடிக்குப் பிறகு தெளிஞ்சிடுது எண்டா இரும்பு வாறது நிலத்தில இருந்தில்லை, உங்கட பைப் கரையுது. இராத்திரி முழுக்கப் பைப்புக்க நிண்ட தண்ணி அது. அந்தப் பைப்புகளுக்கு நாள் எண்ணத் தொடங்கோணும், அடுத்த முறை இழுக்கேக்க துருவைத் தட்டிப் பாருங்கோ. நாள் முழுக்க ஒரே சிவப்பெண்டா அது நிலத்துத் தண்ணியின்ர குணம், வாளியில பிடிச்சு ஆறவிட்டு மணல் வடியில வடிச்சாக் கனக்கக் குறையும்.

பால் மாதிரி வெள்ளையா வந்து வாளிக்க அடியில இருந்து தெளிஞ்சா அது காத்து, பயமில்லை. மணல் வந்தா கிணத்தின்ர அடிச் சல்லடை உடைஞ்சிருக்கலாம், அல்லது தண்ணி இறங்கின கிணத்தை விடாமல் அடிக்கினம். கூழ் முட்டை மணம் வந்தா, அல்லது மழைக்குப் பிறகு கலங்கி வந்தா, அந்தத் தண்ணியைக் கொதிக்கவைச்சுக் குடியுங்கோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கோ.

ஒரு விசயம் மட்டும் பம்பியைத் திருத்தித் திருத்தேலாது. வவுனியா செட்டிகுளம் பக்கம், எங்கட பாறை நிலத்தில சில கிணறுகளில புளோரைட் எண்ட உப்பு கூடுதலா இருக்கு. நிறமும் இல்லை, மணமும் இல்லை, குடிக்க நல்ல ருசியா இருக்கும், பிள்ளையளின்ர பல்லில மண்ணிறக் கறை விழேக்கதான் தெரியும். உலக சுகாதார நிறுவனம் சொல்லுற அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கொதிக்க வைச்சா அது போகாது, தண்ணி வத்த வத்தக் கூடும். போத்தல் ஒண்டில பிடிச்சுச் சோதினைக்குக் குடுக்கிறதுதான் வழி. நீர்வழங்கல் சபையிட்டயோ பரிசோதகரிட்டயோ கேளுங்கோ எங்க குடுக்கிறதெண்டு. கூடவெண்டு வந்தா அந்தக் கிணத்தைக் குளிக்கத் தோய்க்க வைச்சுக்கொண்டு, குடிக்க வேற கிணறு அல்லது வடிகட்டின தண்ணி. பல்லு முளைக்கிற வயசுப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு இதை நேர போய்ச் சொல்லுங்கோ, கூட்டத்தில சொன்னாப் போதாது.

கட்டுக்கிணறும் மோட்டரும்

மோட்டர் உறுமுது சுத்துதில்லை எண்டா, மெயினை நிப்பாட்டிப் போட்டுப் பின்பக்க விசிறியைக் கையால திருப்பிப் பாருங்கோ. திரும்பாட்டி உள்ள தண்ணியைத் தள்ளுற சக்கரம் (இம்பெல்லர்) இறுகியிருக்கு, கனநாள் ஓடாமல் விட்டா இப்பிடி வரும். லேசாத் திரும்பியும் ஓடாட்டி, மோட்டரைத் தொடக்கிவிடுற கப்பாசிட்டர் பழுது. அதைக் கழட்டேக்க கவனம், கரண்ட் நிப்பாட்டின பிறகும் அதுக்க கரண்ட் நிக்கும், அடிக்கும். இதுக்கு மேல மின்சார வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கோ. ரிப் சுவிச் (பிழை வந்தாக் கரண்டை வெட்டுற சுவிச்) விழுந்துகொண்டே இருந்தா அதைக் கம்பி வைச்சுக் கட்டுற பழக்கம் சில இடத்தில இருக்கு, தயவுசெய்து செய்யாதேங்கோ, ஈரத் தளத்தில பிள்ளையள் வெறுங்காலோட நிக்கிற இடம் அது.

மோட்டர் ஓடுது தண்ணி எடுக்கேல்லை எண்டா மூண்டு காரணம். புட்வால்வ் (இழுவைப் பைப்பின்ர அடி வால்வ்) ஒழுகிப் பைப் வெறுமையாப் போனது, பைப்பில எங்கேயோ காத்து இழுக்கிறது, அல்லது தண்ணி மட்டம் இறங்கினது. முதலாவதுக்குத் தண்ணி ஊத்தி நிரப்பிப் பாருங்கோ, நிரப்பின தண்ணி நிக்காமல் இறங்கினா புட்வால்வ்தான், பெரும்பாலும் ஒரு குப்பை அல்லது இலை சிக்கியிருக்கும். ரெண்டாவதுக்குப் பொருத்துகளில சவர்க்கார நுரை பூசி, பைப்பை நிரப்பி வைச்சிருக்கேக்க எங்க கசியுதெண்டு பாருங்கோ. மூண்டாவது தான் கோடையில எங்கட பிரச்சினை. மேல வைச்ச மோட்டர் 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழ இருந்து தண்ணி உறிஞ்சாது, குதிரைவலு கூட்டினாலும் உறிஞ்சாது, காத்தின்ர அமுக்கம் தான் தண்ணியைத் தள்ளுறது, மோட்டர் இல்லை. பெரிய மோட்டர் வாங்கிக் காசை நட்டப்படுத்தின ஊர்கள் இருக்கு. மோட்டரைக் கீழ ஒரு தட்டில இறக்கி வையுங்கோ, அல்லது தண்ணிக்குள்ள தாழ்க்கிற பம்பிக்கு மாறுங்கோ.

கீழ இறக்கிறது கரண்ட் மோட்டரை மட்டும். மண்ணெண்ணெய், பெற்றோல் மிசினை ஒரு நாளும் கிணத்துக்க இறக்காதேங்கோ. அந்தப் புகையில இருக்கிற நஞ்சு மணக்காது, ஆளை மயக்கி விழுத்தும், தூக்கப் போற ஆளையும் விழுத்தும். விளக்கை இறக்கிப் பாத்தம், அணையேல்லை எண்டு சொல்லி இறங்காதேங்கோ, விளக்கு காத்து இருக்கா எண்டு காட்டுமே ஒழிய இந்த நஞ்சைக் காட்டாது. மிசின் மேல, புகைக் குழாய் காத்துப் போற பக்கம். கிணத்துக்க இறங்கிற ஆளின்ர இடுப்பில கயிறு, மேல ரெண்டு பேர்.

பூட்டின பிறகு

திறந்த கிணறு, திறந்த பம்பி எதுவா இருந்தாலும் கையும் மண்ணும் பட்டிருக்கு, குளோரின் போட்டுத்தான் குடுக்கோணும். கட்டுக்கிணத்துக்கு அளவு இப்பிடி: விட்டம் மீட்டரில, அதை அதாலயே பெருக்கி, தண்ணி ஆழத்தால பெருக்கி, 785ஆல பெருக்கினா லீற்றர் வரும். 3 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் தண்ணியும் எண்டா 14,130 லீற்றர். அந்தக் கணக்கோட பரிசோதகரிட்டப் போனா எவ்வளவு குளோரின் தூள் எண்டு அவர் சொல்லுவார், கண்மட்டத்தில அள்ளிப் போடாதேங்கோ. ஒரு இரவு விட்டு, மணம் போகும் வரைக்கும் இறைச்சு ஊத்திப்போட்டுத்தான் குடிக்கிறது. மாரியில வெள்ளம் தளத்துக்கு மேல ஏறினாலும் இதே வேலை.

பிறகு கொப்பி. திகதி, எந்தப் பம்பி, என்ன சொல்லிக்கொண்டு வந்தினம், உள்ள என்ன இருந்தது, எத்தினையாம் பைப், என்ன மாத்தினது, எவ்வளவு காசு. எங்கட கொப்பியைப் பாத்தா ரெண்டாம் நம்பர் கிணத்தில 14 மாதத்துக்கு ஒருக்கா வோசர் போகுது, மற்ற மூண்டிலயும் ரெண்டு வருசம் தாண்டும். இப்ப அதுக்கு முதலே வாங்கி வைச்சிடுவம்.

சாமான் பெட்டி எங்க இருக்குதெண்டதும் முக்கியம். முந்தி அது ஒரு வீட்டில பூட்டியிருந்தது, அவை ஒரு கலியாணத்துக்குக் கொழும்புக்குப் போன நேரம் செயின் அறுந்து நாலு நாள் 30 குடும்பம் குளத்தில அள்ளினது. ஒரு 19 சாவியும் ஒரு போல்ட்டும் இல்லாததால. இப்ப பெட்டி முன்பள்ளி அலுமாரியில, திறப்பு ரெண்டு, ஒண்டு ரீச்சரிட்ட, ஒண்டு கிணத்தடிக்கு நேர எதிர் வீட்டில. உள்ள கிடக்கிறது: கப் வோசர் நாலு, வால்வ் ரப்பர் நாலு, செயின் ஒண்டு போல்ட்டோட, பெயாரிங் ஒரு சோடி, கம்பி ஒண்டு, பைப் பொருத்து ரெண்டு, வெள்ளை ரேப், கிறீஸ் ரின், 17க்கும் 19க்கும் சாவி, பைப் கிளாம்ப். கிளாம்ப் மட்டும் பக்கத்து ஊரும் வந்து வாங்கிக்கொண்டு போகும், கொப்பியில கையெழுத்து வைச்சிட்டு.